ஓட்டுச் சில்லுக்கும் ஒரு சர்வே நம்பர்

2025 ஜனவரியில் சென்னையில் சிந்துவெளி நாகரிகக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டுக் கருத்தரங்கு நடந்தது. சிந்துவெளி எழுத்தின் புதிரை விடுவிப்பவருக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று முதலமைச்சர் அங்கே அறிவித்தார். மறுநாள் எங்கள் காலை நடைக் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. "எட்டரைக் கோடிங்க! நம்ம தமிழய்யா முயற்சி பண்ணினா என்ன?" என்று ஒருவர் கேட்க, ஓய்வு பெற்ற தமிழய்யாவும் கொஞ்சம் யோசித்த மாதிரிதான் தெரிந்தது.

அந்த நிகழ்ச்சியில் வெளியான ஒரு நூலைப் பற்றி யாரும் பேசவில்லை. பேராசிரியர் கா. ராஜனும் மாநிலத் தொல்லியல் துறையின் இரா. சிவானந்தமும் சேர்ந்து செய்தது. தமிழ்நாட்டில் 140 இடங்களில் கிடைத்த, கீறல் குறியீடுகள் உள்ள 15,000க்கும் மேற்பட்ட பானை ஓடுகளைக் கணக்கெடுத்து, குறிகளை இனம் பிரித்து, சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்ட வேலை. பதினைந்தாயிரம் சில்லுகள்! ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, எண் கொடுத்து, படம் எடுத்துப் பதிந்திருக்கிறார்கள். படிப்பவருக்குப் பரிசு உண்டு. பதிபவருக்கு?

என்னுடைய கட்சி எதுவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் பாதிக் காலத்தைத் தாலுகா ஆபீஸ் பதிவறையில் கழித்தவன். அ-பதிவேடு, அடங்கல், சிட்டா, புலப்படம் என்று காகிதத்தோடு குடும்பம் நடத்தியவன். பதிவறைக்கு மாற்றல் என்றால் அந்தக் காலத்தில் தண்டனை மாதிரி நினைப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் தொல்லியல் செய்தி எதைப் படித்தாலும் "எத்தனை ஆண்டு பழமை" என்ற இடத்தைத் தாண்டி, "எந்தக் குழி, எத்தனை அடி, கூட என்ன கிடந்தது" என்ற இடத்தில்தான் என் கண் போய் நிற்கும். பெரும்பாலான செய்திகளில் அந்த வரி இருப்பதே இல்லை.

நம் மாவட்டத்துச் சங்கதியையே எடுத்துக்கொள்வோம். பழனிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் பொருந்தல் இருக்கிறது. அங்கே ஒரு மேட்டுக்கு ஊர்க்காரர்கள் பாசிமேடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் மண்ணில் பாசிமணி கிடைக்கும் மேடு. 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. வாழ்விடப் பகுதியில் 2,000க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள் கிடைத்தன. நான் சொல்ல வருவது ஈமக்காட்டுப் பகுதியில் திறக்கப்பட்ட ஒரு கல்லறையைப் பற்றி.

அந்தக் கல்லறைக்குள் நாலு கால் வைத்த ஒரு ஜாடி. அதற்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல். கூடவே பிரிமனைகள் இருந்தன. பானை உருளாமல் நிற்க நம் வீடுகளில் வைக்கோலைச் சுற்றி வைப்போமே, அதே பிரிமனைதான். இது சுட்ட மண்ணில் செய்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'வய்ர' என்று கீறப்பட்டிருந்தது. நெல்லை அமெரிக்காவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 490 என்று விடை வந்தது. 2011-ல் பத்திரிகைகளில் பெரிதாக வந்த செய்தி இது; பலருக்கு நினைவிருக்கும்.

"பழனிப் பக்கம் கிடைச்ச எழுத்துக்கு 2,500 வயசு" என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னோம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வயது யாருக்குச் சொன்னார்கள்? நெல்லுக்கு. கார்பன் முறையில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் வயது சொல்ல முடியும்: கரி, எலும்பு, விதை இப்படி. சுட்ட மண்ணை வைத்துக்கொண்டு அந்த முறையில் ஒன்றும் செய்ய முடியாது. பானை எப்போது சுடப்பட்டது என்று கணக்கிட வேறு முறை உண்டு. ஆனால் சுட்ட பானையில் பிற்பாடு ஒருவர் எப்போது கூர்முனையால் பெயரைக் கீறினார் என்பதற்கு எந்த எந்திரமும் கிடையாது.

பிறகு எப்படி நெல்லின் வயது எழுத்துக்குப் போனது? இரண்டும் ஒரே கல்லறைக்குள், மூடிய பிறகு யாரும் கலைக்காத நிலையில் கிடந்தன என்று தோண்டியவர்கள் அந்த இடத்திலேயே அளந்து, வரைந்து, படம் எடுத்து எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பு ஒன்றுதான் நெல்லையும் எழுத்தையும் கட்டி வைத்திருக்கும் கயிறு. அதே பிரிமனையை ஒரு கூலிக்காரர் பாவம் தெரியாமல் எடுத்து வரப்பில் வைத்திருந்தால், நெல் நெல்லாக இருந்திருக்கும். எழுத்து எழுத்தாக இருந்திருக்கும். அதை எந்த நூற்றாண்டில் வைப்பது என்று இன்றைக்கும் எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்து வாதாடிக்கொண்டிருப்போம்.

ஒரு கல்லறையின் தேதியை வைத்துத் தமிழ் எழுத்தின் காலத்தையே முடிவு செய்துவிடக் கூடாது என்று அப்போதே சிலர் சொன்னார்கள். அந்தச் சொல் தமிழா பிராகிருதமா என்றும் விவாதம் உண்டு. இருக்கட்டும், நியாயமான கேள்விகள்தான். பதிவு ஒழுங்காக இருந்ததால்தான் எதிர்க்கட்சிக்காரரும் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நம் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஊர் பேர் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரி. கோப்பைகளுக்குக் கீழ்த் தட்டில் ஒரு எவர்சில்வர் தட்டு நிறைய ஓட்டுச் சில்லுகள். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. 'பழங்காலப் பானை ஓடுகள்' என்று அட்டையில் அழகான கையெழுத்து. ஒன்றில் ஏதோ கீறல் இருந்த மாதிரித் தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் நாலைந்து கோடுகள். எழுத்தா குறியா எனக்குச் சொல்லத் தெரியாது.

"சார், இது எந்த ஊர்ல கிடைச்சது?"

"முன்னால இருந்த சோஷியல் சார் கொண்டாந்ததுங்கய்யா. பசங்களைக் கூட்டிக்கிட்டு லீவு நாள்ல சுத்துவாரு. அவர் மாற்றலாகிப் போயி ரொம்ப வருஷமாச்சு."

"அவர் எங்கே இருக்காரு?"

"தவறிட்டாருங்கய்யா."

அவ்வளவுதான். நல்ல மனிதர், ஆர்வத்தில் வெயிலில் அலைந்து பொறுக்கியிருக்கிறார். எந்த மேட்டில் பொறுக்கினார் என்பது அவரோடு போய்விட்டது. அந்தத் தட்டிலிருந்த சில்லுகள் பொருந்தலைச் சேர்ந்தவையா, குதிரையாற்றுப் பக்கமா, வைகைக் கரையா? யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் வழியில்லை. தட்டைக் கழுவி வேறு வைத்திருந்தார்கள்.

வருவாய்த் துறையில் இருந்தவர்களுக்கு இதன் வலி சட்டென்று புரியும். பட்டா இருக்கிறது, பெயர் இருக்கிறது, சர்வே நம்பர் இல்லை என்றால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யுடிஆர் காலத்தில் ஒரு உட்பிரிவை மாற்றி எழுதியதால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. அந்தப் பிழைகளைத் திருத்தச் சொல்லி இன்றும் மனு வந்துகொண்டிருக்கிறது. நிலமாவது அதே இடத்தில் இருக்கும், மறுபடி போய்ச் சங்கிலி பிடித்து அளக்கலாம். தோண்டி எடுத்த குழியை மறுபடி தோண்ட முடியுமா? அகழாய்வு என்பது ஒரு புத்தகத்தைப் படிக்கப் படிக்க ஒவ்வொரு பக்கமாகக் கிழித்துப் போடுகிற வேலை. எழுதி வைத்தது மட்டும்தான் மிச்சம்.

முறையாகச் செய்கிற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் படித்தேன். கீழடியில் போய்ப் பார்த்தும் வந்தேன். குழி ஒன்றுக்கு ஒரு பெயர். மண்ணின் நிறமும் தன்மையும் மாறுகிற இடத்தில் அடுக்கு மாறுகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் கிடைத்த ஓடுகள் தனித்தனிப் பையில், உள்ளே சீட்டோடு. பிறகு கழுவி, நிழலில் உலர்த்தி, குழிவாரியாகக் கட்டம் போட்டுப் பரப்புகிறார்கள். எழுத்து இருக்கிற ஓடு, குறி இருக்கிற ஓடு, விளிம்பு, அடிப்பாகம் எல்லாம் பிரிகின்றன. எழுத்துள்ள ஓட்டின் உட்புறத்தில் சின்னதாக மையில் இடத்தின் சுருக்கம், ஆண்டு, குழி, அடுக்கு, ஆழம் எழுதப்படும். அதே விவரம் தொல்பொருள் பதிவேட்டிலும் ஏறும். நம் அ-பதிவேடு மாதிரியேதான், கட்டங்கள்தான் வேறு. கொடுமணலில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துள்ள ஓடுகள் கிடைத்தன என்கிறபோது, அந்தக் கட்டங்களை நிரப்ப எத்தனை முதுகு வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

வெளிநாட்டில் இதற்கு நல்ல உதாரணம் கிரேக்க நாட்டு ஏதென்ஸ். அங்கே பழைய சந்தைத் திடலை 1931 முதல் ஓர் அமெரிக்க நிறுவனம் தோண்டிவருகிறது. மட்பாண்டம் என்றால் 'பி', கல்வெட்டு என்றால் 'ஐ' என்று ஓர் எழுத்து, பிறகு வரிசை எண். தோண்டியவர் எழுதிய நோட்டுப் புத்தகம் உட்பட எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. அளவுக்கு மீறிச் செல்வாக்குப் பெற்ற ஒருவரைப் பத்து வருஷம் ஊரை விட்டு அனுப்ப வாக்கெடுப்பு. உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போட வேண்டும். ஓட்டில் எழுதிய ஓட்டு! நம் உத்திரமேரூர்க் குடவோலை ஆளைத் தேர்ந்தெடுக்க. இது ஆளை விரட்ட. பொருந்தல் நெல் விளைந்த அதே நூற்றாண்டில்தான் இது அங்கே நடந்தது.

1937-ல் ஆஸ்கர் புரோனியர் என்பவர் அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது ஏறக்குறைய 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோகிளிஸ் என்ற ஒரே தலைவரின் பெயர். சரி, அவருக்கு எதிரி அதிகம் போல என்று விட்டுவிடலாம். ஆனால் ஓடுகளை வரிசையாக வைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டால், 190-ஐயும் எழுதியவை 14 கைகள்தான்! எதிர்க் கோஷ்டிக்காரர்கள் முன்கூட்டியே எழுதி, எழுதத் தெரியாதவர்களுக்கும் சோம்பேறிகளுக்கும் கொடுக்க வைத்திருந்த சரக்கு அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாக்குச்சாவடிக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்து ஸ்லிப் எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்த ஓடுகள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து, எந்தக் கிணறு என்று தெரியாமல் 190 வீடுகளின் அலமாரிக்குப் போயிருந்தால் இந்தக் கதை வந்திருக்குமா? தனியாக ஒரு ஓட்டைப் பார்த்தால் ஒரு குடிமகனின் கோபம் தெரியும். 190-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் கட்சி வேலை தெரியும்.

பளிங்குக் கல்லிலும் இதே கதைதான். ஏதென்ஸுக்குக் கட்டுப்பட்ட ஊர்கள் செலுத்திய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அதீனா தேவிக்கு. கி.மு. 454 முதல் அந்தக் கணக்கை ஆண்டுதோறும் ஒரு பெரிய கல்லில் ஊர் வாரியாக வெட்டி வைத்தார்கள். பச்சையாகச் சொன்னால் கிஸ்திப் பட்டியல். அந்த முதல் கல் உடைந்து ஏறக்குறைய 180 துண்டுகளாகக் கிடைத்தது. ஒவ்வொரு துண்டையும் அளந்து பதிந்து வைத்திருந்ததால், 'இந்தத் துண்டின் உடைப்பும் அந்தத் துண்டின் உடைப்பும் பொருந்துகிறதே' என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்து, ஒரு பேரரசின் வரவுக் கணக்கைப் படித்துவிட்டார்கள். ஜமாபந்தி பார்த்த எவருக்கும் கண்ணில் நீர் வந்துவிடும்.

இங்கே நாமும் சும்மா இருக்கவில்லை. 1886-ல் ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியரைக் கல்வெட்டுக்கென்று சென்னை அரசாங்கம் நியமித்ததிலிருந்து, படியெடுத்த கல்வெட்டுகள் ஆண்டு வாரியாக, எண் வாரியாகப் பட்டியலாகி வந்திருக்கின்றன. நம் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளைத் தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: பழைய அறிக்கைகளில் திண்டுக்கல் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. 1985 செப்டம்பரில்தான் நாம் பிரிந்தோம். அதற்கு முந்தியதெல்லாம் மதுரை மாவட்டத்தில் தாலுகா வாரியாக இருக்கும். எண் இருந்ததால் மாவட்டம் பிரிந்தும் கல்வெட்டு தொலையவில்லை. மைப்படிகள் மைசூரில் போய்க் கிடந்தது தனிக் கதை. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது.

கீழடிக்கு வருகிறேன். 2014-ல் தொடங்கிய மத்திய தொல்லியல் துறையின் அகழாய்வுக்கு, அதை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம் அதைத் திருத்தித் தரச் சொன்னார்கள், அவர் மறுத்தார். அதன் பிறகு தொலைக்காட்சியில் நடந்த சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் நூற்றாண்டைப் பற்றித்தான் கத்தினார்கள். என் அபிப்பிராயம் இது: காலத்தைப் பற்றிய அத்தியாயத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் விவாதியுங்கள். ஆனால் குழி வாரியான பொருள் பட்டியலுக்கு யாருடைய ஒப்புதலும் எதற்கு? எந்தக் குழியில், எந்த ஆழத்தில், என்ன கிடைத்தது என்பதில் கட்சி ஏது? படத்தோடு அது முதலில் வெளியே வரட்டும். மாநிலத் துறை 2018-ல் செய்த நான்காம் கட்டத்தில் 56 எழுத்துள்ள ஓடுகள் கிடைத்ததாக அறிவித்தார்கள். 'குவிரன்', 'ஆதன்' என்ற பெயர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டன. அந்த மாதிரிப் பட்டியல் ஒவ்வொரு பருவத்துக்கும், அடுத்த பருவம் மண்வெட்டி போடுவதற்கு முன்பே வர வேண்டும் என்பேன்.

அதற்கு ஆள் வேண்டும். பதிவேடு எழுத என்றே நிரந்தரப் பணியிடம் வேண்டும். தோண்டுகிற நாட்களில் தினக்கூலிக்குப் பட்டதாரிகளை வைத்துக்கொண்டு, பருவம் முடிந்ததும் அனுப்பிவிட்டால், பையிலிருக்கும் சீட்டை அடுத்த வருஷம் யார் படிப்பார்கள்? 10 லட்சம் டாலரில் எத்தனை எழுத்தருக்கு எத்தனை வருஷச் சம்பளம் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டு நண்பர்களிடம் காட்டினேன். "உங்களுக்கு எப்பப் பார்த்தாலும் கிளார்க் புத்திதான்" என்றார்கள். ஆமாம், கிளார்க் புத்திதான்.

பொருந்தல் பொருட்களின் பட்டியல் தமிழில், படத்தோடு, பழனியிலும் திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்திலும் மேசை மேல் இருக்க வேண்டும் என்பது என் இன்னொரு ஆசை. அந்த மண்ணில் உழுகிறவர் வந்து புரட்டிப் பார்த்து, "இந்த மாதிரி எங்க காட்டுலயும் கிடக்குதே" என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.

நம்மில் பலர் வீட்டிலேயே இது இருக்கிறது. கிணறு வெட்டும்போது வந்தது, போர் போடும்போது வந்தது, தாத்தா கொண்டுவந்து பரணில் போட்டது என்று. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டுச் சில்லுக்குப் பத்து ரூபாய் யார் மதிப்புப் போடுவார்கள் என்று நாமும் விட்டுவிடுகிறோம். தாழி, கல்வட்டம், எழுத்துள்ள ஓடு எதைக் கண்டாலும் எடுக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே விட்டு வி.ஏ.ஓ.விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். எப்போதோ எடுத்து வீட்டில் வைத்திருந்தால் கழுவவோ, எண்ணெய் தடவவோ, கோந்து போட்டு ஒட்டவோ வேண்டாம். ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர், சர்வே நம்பர், எத்தனை அடி ஆழம், கூட என்ன இருந்தது, எடுத்தவர் பெயர், எடுத்த வருஷம் எழுதி அந்தப் பையிலேயே போட்டு வையுங்கள். வருஷம் சரியாக நினைவில்லை என்றால் 'பெரிய புயல் வருஷம்', 'மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தி' என்றாவது எழுதுங்கள். எழுதுவது பென்சிலில் இருக்கட்டும். பேனா மை ஈரம் பட்டால் கலைந்துவிடும்.